ஆன்மிகப் படம் கேட்டு வருபவருக்கு எதைச் சொல்வது, எப்படிக் காட்டுவது

"நல்ல ஆன்மிகப் படமா ஒண்ணு சொல்லுங்க" என்று மதுரையில் கேட்பவர் பழனிக்கு மாலை போட்டவராக இருக்கலாம். வீட்டில் ஒரு சாவு நடந்து பதினாறாம் நாள் முடிந்தவராக இருக்கலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து மீட்கப் பார்க்கும் தாயாகவோ, மகளிர் குழுவுக்கு மாதம் ஒரு படம் காட்டுபவராகவோ இருக்கலாம். இவர்கள் எல்லாருக்கும் ஒரே படத்தைச் சொல்லி அனுப்புவதால்தான் பாதிப் பேர் அரை மணி நேரத்தில் எழுந்துபோகிறார்கள். பெயரைச் சொன்னால் மட்டும் பரிந்துரை ஆகிவிடாது. யாருக்கு, எந்தப் பகுதி, எந்தப் பிரதி, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் மனம் நோகலாம் என்ற ஐந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியவை

மூன்று கேள்வி போதும். "எத்தனை பேர், எதுல பார்க்கப் போறீங்க?" என்பது முதலாவது. கைபேசியில் தனியாகப் பார்ப்பவருக்கும், மண்டபத்தில் அறுபது பேரை உட்காரவைப்பவருக்கும் ஒரே படம் பொருந்தாது. "இப்ப ஏன் தோணுச்சு?" என்பது இரண்டாவது. இதைப் பக்குவமாகக் கேட்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் நேரடியாகச் சொல்ல மாட்டார். மூன்றாவதுதான் அதிகம் பயன்படும்: "கடைசியா எந்தப் படத்தப் பாதியில நிறுத்துனீங்க?" பிடித்த படம் எது என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பெயர் வரும். நிறுத்திய படத்தைக் கேட்டால் அவருடைய பொறுமையின் எல்லை தெரியும். பாட்டு அதிகம் என்று நிறுத்தினாரா, மெதுவாகப் போகிறது என்று நிறுத்தினாரா, சாமியைக் கேலி செய்கிறார்கள் என்று நிறுத்தினாரா என்பதை வைத்தே பாதிப் பட்டியலை அடித்துவிடலாம்.

மதத்தை வைத்துப் படத்தைப் பிரிப்பதை விட, படம் பார்ப்பவரிடம் என்ன கேட்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது நல்லது. சில படங்கள் தெரிந்த கதையை மறுபடி அனுபவிக்கக் கூப்பிடும். சில ஓர் அடியாரோடு நடக்கச் சொல்லும். சில நம் வழிபாட்டையே கேள்வி கேட்கும். சில சும்மா இருக்கச் சொல்லும். கடைசி வகைதான் மிகக் கடினம். அதை முதலில் கொடுக்கவே கூடாது.

புராணப் படங்கள்

மதுரைக்காரருக்கு இங்கிருந்து தொடங்குவதே முறை. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) நூறு முறை தொலைக்காட்சியில் வந்த படம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். தெரிந்த படத்தைப் புதிதாகப் பார்க்கவைப்பதில்தான் பரிந்துரைப்பவரின் திறமை இருக்கிறது.

முழுப் படம் இரண்டரை மணி நேரம். மாம்பழத்துக்காகக் கோபித்துப் போன முருகனுக்குப் பார்வதி சொல்லும் கதைகளாக உள்ளே நான்கு பகுதிகள் வரும்: தருமி, தட்சன் யாகம், கயற்கண்ணி, ஏமநாத பாகவதர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்தது 52ஆவது படலம், கயற்கண்ணி பகுதியில் வரும் வலை வீசியது 57, ஏமநாத பாகவதர் பகுதியில் வரும் விறகு விற்றது 41. தட்சன் யாகம் அந்த 64 விளையாடல்களில் இல்லை. இதைப் படத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், பின்னால் "புராணத்தில் இப்படியா இருக்கு?" என்ற சண்டை வராது.

பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த கூட்டத்துக்கு முழுப் படத்தையும் போடாமல், ஆவணி மூலத் திருவிழாவோடு சேர்த்துப் போடுங்கள். தருமிக்குப் பொற்கிழி அளிக்கும் லீலை கோயிலில் நடக்கும் நாளுக்கு முந்தின மாலை தருமி பகுதியை மட்டும் காட்டுங்கள். விறகு விற்ற லீலைக்கு முந்தின மாலை கடைசிப் பகுதி. மறுநாள் ஆவணி மூல வீதிகளில் சுவாமி புறப்பாட்டைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குக் கதை புரிந்திருக்கும். தருமி பகுதி முடிந்ததும் 'கொங்குதேர் வாழ்க்கை' பாடலை அச்செடுத்துக் கொடுங்கள். அது குறுந்தொகையின் இரண்டாம் பாடல், இறையனார் பெயரில் உள்ளது. ஐந்தே அடி, ஒருவர் வாய்விட்டுப் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. படத்தில் சபையே சண்டை போட்ட பாட்டு கையில் இருக்கும்போது, நக்கீரர் கேட்டது சரியா என்ற பேச்சு தானாகவே தொடங்கும்.

இந்த வகைப் படங்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் பிரதிதான். அக்காலப் படச்சட்டம் ஏறக்குறைய 4:3. இன்றைய டிவி 16:9. டிவியில் 'முழுத்திரை' என்று வைத்தால் படம் பக்கவாட்டில் இழுபட்டு எல்லார் முகமும் வீங்கித் தெரியும். அமைப்பில் போய் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பிரதிகளும் உலவுகின்றன. கிரீடம் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் பாட்டை வெட்டியவை உண்டு. ஓடும் நேரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் குறைந்தால் ஏதோ போயிருக்கிறது.

அடியார்கள்

'மீரா' (1945) மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகவே பார்க்க வேண்டியது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். பாட்டு பிடித்தவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். கதை வேகத்தை எதிர்பார்ப்பவர் சோர்ந்துபோவார். மராத்தியில் 'சந்த் துக்காராம்' (1936) இன்னும் உயிரோடு இருக்கும் படம். பாண்டுரங்கன் நினைப்பாகவே இருக்கும் கணவனோடு அடுப்பெரிக்க வழி தேடும் மனைவியின் கோபம் அதில் அப்படியே இருக்கிறது. குடும்பத்தோடு பக்தியை எப்படி வைத்துக்கொள்வது என்று திணறுபவருக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது.

'நந்தனார்' (1942), தண்டபாணி தேசிகர் நடித்தது. முன்னுரை இல்லாமல் இதைக் காட்டாதீர்கள். தீயில் இறங்கிய பிறகுதான் நந்தனுக்குக் கோயில் திறக்கிறது. இதை வெறும் பக்தியாகப் பார்த்துவிட்டுப் போவது அநியாயம். இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நந்தனை வாட்டும் பண்ணையார் வேதியர் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் சரித்திரக் கீர்த்தனையில் சேர்த்தவர். இரண்டாவது, இந்தப் படம் வருவதற்கு மூன்றே ஆண்டு முன்னால், 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை சாதியால் அனுமதி மறுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்த நுழைவையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் கல்லூரி மாணவர்கள் ஒரு மணி நேரம் எழ மாட்டார்கள்.

குலசாமி

பெருங்கோயிலை விடக் குலசாமி நெருக்கமாக இருப்பவர்களுக்கு எம். மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). உசிலம்பட்டிப் பக்கத்து நிலமும் பேச்சும். குலசாமிக்குப் படைக்கக் கொஞ்சம் நெல் வேண்டும். ஊரில் விதைப்பவர் ஒரே ஒரு முதியவர். கதை இவ்வளவுதான். சாமி கும்பிடுவதற்கு நிலமும் மழையும் ஊர் ஒற்றுமையும் வேண்டும் என்பதைப் பிரசங்கம் இல்லாமல் காட்டுகிறது. மாயாண்டியாக வரும் நல்லாண்டி தொழில்முறை நடிகர் அல்லர். தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. விஜய் சேதுபதி வரும் முருக பக்தர் பகுதியைச் சிலர் குழப்பம் என்பார்கள். "அவர் சொல்வதெல்லாம் அவருக்கு உண்மை என்று வைத்துக்கொண்டு பாருங்கள்" என்று ஒரு வரி முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். முதல் முக்கால் மணி நேரம் மெதுவாக நகரும். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

லீனா மணிமேகலையின் 'மாடத்தி' ஒரு பெண் எப்படித் தெய்வமாக்கப்படுகிறாள் என்று கேட்கும் படம். பாலியல் வன்முறை உண்டு. பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் நேரில் சொல்லி எச்சரித்த பிறகு. கோயில் வளாகத்தில் காட்டக் கூடியது அல்ல. சத்யஜித் ராயின் 'தேவி' (1960) அதே கேள்வியை மென்மையாகக் கேட்கிறது: மாமனார் கண்ட கனவால் மருமகள் காளியாகிறாள். கலந்துரையாடல் குழுவுக்கு முதலில் 'தேவி', பிறகு 'மாடத்தி' என்ற வரிசை சரியாக இருக்கும்.

அடுத்த வீட்டுச் சாமி

மதுரைக் கோரிப்பாளையம் தர்காவில் எல்லா மதத்தாரும் நிற்கும் ஊரில் இந்தப் பகுதிக்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை. மலையாளத்தில் 'ஆதாமிண்டே மகன் அபு' (2011): அத்தர் விற்கும் முதியவரும் மனைவியும் ஹஜ்ஜுக்குக் காசு சேர்க்கிறார்கள். மற்றவர் காசில் போகக் கூடாது, கடனோடு போகக் கூடாது என்ற நேர்மைதான் படம் முழுக்க. மலையாளம் பாதி புரியும் என்பதால் சப்டைட்டில் பயமும் குறைவு. காசி யாத்திரைக்குச் சீட்டுக் கட்டிய எந்த வீட்டிலும் இந்தப் படம் போய்ச் சேரும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 'தி கப்' (1999). உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்கத் துடிக்கும் திபெத்திய இளம் துறவிகளின் கதை. எடுத்தவர் கியென்ட்சே நோர்பு என்ற லாமா. மஜீத் மஜீதியின் 'தி கலர் ஆஃப் பாரடைஸ்' (1999) பார்வையற்ற சிறுவனைப் பற்றியது. முடிவு அழவைக்கும்; சிறு குழந்தைகளைத் தனியே பார்க்க விடாதீர்கள்.

கொரியப் படமான 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர்... அண்ட் ஸ்பிரிங்' (2003) எல்லாப் பட்டியலிலும் இருக்கும். புத்த மடம், ஏரி என்று கேட்டதும் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். உடலுறவுக் காட்சிகளும், மீன், தவளை, பாம்பு மீது கல் கட்டும் காட்சியும் அதில் உண்டு. சொல்லாமல் பரிந்துரைத்தால் அடுத்த முறை உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

பேச்சில்லாத ஆவணப்படங்கள்

'இன்டு கிரேட் சைலன்ஸ்' (2005) பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடத்தைப் பற்றியது. பிலிப் குரோனிங் 1984இல் அனுமதி கேட்டார். 16 ஆண்டு கழித்துத்தான் சம்மதம் வந்தது. குழு இல்லாமல் தனியே தங்கி, செயற்கை விளக்கு இல்லாமல் எடுத்தார். பின்னணி வருணனை கிடையாது. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தியானம் பழகுபவர், மௌனவிரதம் இருந்தவர் ஆகியோருக்கு இது விருந்து. மற்றவர்களுக்கு முதல் இருபது நிமிடம் தண்டனை. அதனால் இப்படிக் கொடுங்கள்: காலை ஐந்து மணி வாக்கில், மின்விசிறிச் சத்தம் குறைந்த அறையில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முதல் நாள் நாற்பது நிமிடம் மட்டும். பிடித்தால் மறுநாள் தொடரலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தூக்கம்தான் வரும். அது படத்தின் குற்றமில்லை. ஒலியைக் கூட்டி வைக்காதீர்கள். பனி, மணி, காலடி ஓசை எல்லாம் மெல்லியவை. கூட்டி வைத்தால் மணி அடிக்கும்போது தூக்கிவாரிப் போடும்.

ராபர்ட் கார்ட்னரின் 'ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்' (1986) காசியில் ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரை, 90 நிமிடம். வருணனையும் இல்லை, சப்டைட்டிலும் இல்லை. எரியும் உடல்கள், நதியில் மிதக்கும் உடல் எல்லாம் நேரடியாக வரும். அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி இதைச் சொல்லிவிடாதீர்கள். ஓராண்டாவது போகட்டும். துக்க வீட்டுக்குப் பாட்டு நிறைந்தது பொருந்தும். பக்திக் கவி கபீரைப் பற்றி ஷப்னம் விர்மானி எடுத்த ஆவணப்படங்கள் நான்கில் 'ஹத் அன்ஹத்' (2008) நல்ல தொடக்கம். கபீரின் ராமனைத் தேடி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பாடகர்களிடம் போகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் கெடாது.

யூடியூப் 'ரகசியங்கள்'

மீனாட்சியம்மன் கோயில் பற்றி நூற்றுக்கணக்கான காணொளிகள் இருக்கின்றன. 'விஞ்ஞானிகளே வியந்த ரகசியம்' என்று தலைப்பிட்டவற்றைப் பரிந்துரைக்கும் முன் சில சோதனை வைக்கலாம். ஆயிரங்கால் மண்டபம் அரியநாத முதலியார் காலத்தது, புதுமண்டபம் திருமலை நாயக்கர் கட்டியது என்று ஆளையும் காலத்தையும் சொல்கிறதா, அல்லது எல்லாவற்றையும் 'பல ஆயிரம் ஆண்டு' என்று அள்ளிவிடுகிறதா? ஆயிரங்கால் என்று பெயர் இருந்தாலும் தூண்கள் 985 என்பதைக் குறிப்பிடுகிறதா? பேசுவதற்கும் காட்டும் படத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா? மதுரை என்று சொல்லிக்கொண்டே தஞ்சாவூர் விமானத்தைக் காட்டுபவை நிறைய.

சித்திரைத் திருவிழா ஆவணப்படம் என்றால் இன்னும் நுட்பமான சோதனை உண்டு. அழகர் ஏன் வைகையில் இறங்குகிறார்? தங்கை கல்யாணத்துக்கு வந்து, முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்புகிறார் என்பது மக்கள் வழக்கு. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தருவது தலபுராணம். தேனூரில் நடந்துவந்ததை மதுரைக்கு மாற்றி இரண்டு விழாவையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் என்ற வரலாற்றுச் செய்தி இன்னொரு பக்கம். மூன்றையும் தனித்தனியாக வைத்துச் சொல்லும் படம் நம்பத் தகுந்தது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதைப் பொய் என்பது பாதிப் படம்.

குருமார்களைப் பற்றிய படமாக இருந்தால் காசு போட்டவர் யார் என்று முடிவுப் பெயர்ப்பட்டியலில் பாருங்கள். புகழ்ச்சி தவிர வேறு குரல் ஒன்றாவது கேட்கிறதா? நோய் தீர்ந்தது என்கிறார்களா? நன்கொடை எண் வருகிறதா? கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் பரிந்துரைக்க வேண்டாம்.

மண்டபத்தில் காட்டுவது

திறந்தவெளியில் ஏழு மணிக்கு முன் திரையில் ஒன்றும் தெரியாது. ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் எழுத்து அனுமதி வேண்டும்; இரவு பத்துக்கு மேல் கூடாது. ஆக ஏழுக்குத் தொடங்கி, இரண்டரை மணி நேரப் படம் ஒன்பதரைக்கு முடியும். முன்னுரை பத்து நிமிடத்தைத் தாண்டினால் பின்பேச்சுக்கு இடமில்லை.

ஐம்பது அறுபது பேருக்கு 8 அடி அகலம், நாலரை அடி உயரத் திரை போதும். பழைய 4:3 படம் அதில் 6 அடி அகலத்துக்கு வரும். புரொஜெக்டரின் வெளிச்சம் 3000 லூமென்ஸுக்குக் குறைய வேண்டாம். ஜமுக்காளத்தில் உட்காரும் கூட்டம் என்றால் திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலடியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். விளக்கு வகைப் புரொஜெக்டரில் திடீரென மின்சாரம் போனால் விசிறி நின்று சூட்டில் விளக்கு பழுதாகும். சின்ன யுபிஎஸ் ஒன்றை அதற்கு மட்டுமாவது இணையுங்கள்.

ஒலியில்தான் அதிகம் சொதப்பும். பழைய படங்களின் ஒலி ஒற்றைத் தடம். வசனம் நடு அலைவரிசையில் இருக்கும். மைக்செட்காரர் கல்யாணப் பாட்டுக்கு வைத்த அமைப்பையே விட்டுவைப்பார்: பேஸ் முழுக்க, எக்கோ பாதி. எக்கோவைச் சுழியத்துக்கு இறக்குங்கள், பேஸைக் குறையுங்கள். டைல்ஸ் தரை மண்டபத்தில் ஜமுக்காளம் விரிப்பதும் பின்சுவரில் திரைச்சீலை தொங்கவிடுவதும் எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும். பெட்டிகளைக் காதுயரத்தில், திரைக்கு இரு பக்கமும் வையுங்கள். மூலையில் அடுக்காதீர்கள்.

தமிழ் சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள்; இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். பென்டிரைவை டிவியில் செருகினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்பதும் உண்டு. அப்போது ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால் சப்டைட்டிலைப் படத்தோடு பதித்துவிடுவதே தீர்வு. எழுத்துப் படிக்காத பெரியவர்கள் இருந்தால், நல்ல குரல் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சுருக்கமாகச் சொல்லவையுங்கள். எல்லா வசனத்தையும் சொல்ல வேண்டியதில்லை; காட்சிக்கு ஒரு வரி.

உரிமை விஷயம்: திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாடல், வசனத்துக்கு எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. படம் பழசாகிவிட்டது என்பதால் எல்லாம் இலவசமாகிவிடாது. இலவசக் காட்சி என்றாலும் ஓடிடி சந்தா வீட்டுக்குத்தான். உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தனியாக ஆவணப்படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மகிழ்ந்து ஒப்புவார்கள். சிலர் நேரிலேயே வந்து பேசுவார்கள்.

முடிந்த பிறகு

உடனே எல்லா டியூப்லைட்டையும் போட்டு மைக்கைப் பிடிக்காதீர்கள். பெயர்ப்பட்டியல் முழுதும் ஓடட்டும். பக்கவாட்டு விளக்கு ஒன்றைப் போட்டு, தண்ணீரோ சுக்குக் காபியோ கொடுத்து, பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். "பிடிச்சிருந்ததா?" என்றால் "பிடிச்சிருந்தது" என்பதோடு முடிந்துவிடும். "எந்த இடத்துல உங்களுக்கு உறுத்துச்சு?" என்று கேளுங்கள். முதலில் பேசுபவர் குழுவின் மூத்தவராக இருந்தால் மற்றவர்கள் அவரை ஒட்டியே பேசுவார்கள். இளையவரிடமிருந்து தொடங்குவது நல்லது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, படம், எந்தப் பிரதி, வந்தவர் எண்ணிக்கை, யார் எந்தக் காட்சியில் எழுந்துபோனார், யார் மறுபடி கேட்டார் என்று குறித்துவையுங்கள். எழுந்துபோனவரை அடுத்த வாரம் பார்த்து ஏன் என்று கேட்டுவிடுங்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றால் அடுத்த காட்சியை அரை மணி முன்னால் தொடங்குங்கள். காட்சி தாங்க முடியவில்லை என்றால் அந்தப் படத்துக்கு நேராக ஓர் எச்சரிக்கை வரியைச் சேருங்கள்.